நீதிபதி கொடுத்தது 17 நாள், சட்டம் கொடுத்தது 14 நாள்: பிழையை யார் சுமப்பது?

கேள்வி: சத்துவாச்சாரி மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். விடுமுறை நாட்களில் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சிக்குப் போய்வருகிறேன். மேல்முறையீட்டுக் காலக்கெடுவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007 ஜூன் மாதம் வழங்கிய போல்ஸ் எதிர் ரஸ்ஸல் என்னும் தீர்ப்பு கண்ணில் பட்டது. படித்து முடித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஒஹாயோ மாநிலத்தில் கொலைக் குற்றத்துக்காக 15 ஆண்டு முதல் ஆயுள் வரை என்று தண்டிக்கப்பட்ட கீத் போல்ஸ் என்பவர், தம் சிறைக்காவல் சட்டப்படி செல்லாது என்று கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுகிறார். 2003 செப்டம்பரில் மனு மறுக்கப்படுகிறது. மேல்முறையீட்டுக்கு இருந்த 30 நாளும் கடந்துவிடுகிறது. தீர்ப்பின் அறிவிப்பு உரிய நேரத்தில் கைக்கு வந்து சேராதவருக்காக, மேல்முறையீட்டுக் காலத்தை 14 நாளுக்கு மீண்டும் திறந்துவிடும் அதிகாரத்தை அங்குள்ள சட்டம் மாவட்ட நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. போல்ஸ் அதைக் கேட்கிறார். நீதிபதியும் 2004 பிப்ரவரி 10ஆம் தேதி சம்மதிக்கிறார். ஆனால் 14 நாள் என்று எழுத வேண்டிய இடத்தில், ஏன் என்று காரணம் எதுவும் சொல்லாமல், பிப்ரவரி 27 வரை, அதாவது 17 நாள் அவகாசம் கொடுத்து ஆணையிட்டுவிடுகிறார். போல்ஸின் மேல்முறையீடு பிப்ரவரி 26 அன்று தாக்கலாகிறது. நீதிபதி எழுதிய தேதிக்கு ஒரு நாள் முன்னதாக; சட்டத்தின் கணக்கிலோ இரண்டு நாள் தாமதமாக. ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை விசாரிக்கத் தனக்கு அதிகார வரம்பே இல்லை என்று சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றமும் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதை உறுதி செய்தது.

நீதிபதி கையெழுத்திட்ட ஆணையை நம்பியதைத் தவிர அந்த மனிதர் செய்த தவறு என்ன? நாள் கணக்கு எப்படி அதிகார வரம்பு ஆகிறது? ஒரு நீதிமன்றத்துக்கு வழக்கை விசாரிக்கும் அதிகாரம் செவ்வாய்க்கிழமை இருந்து வியாழக்கிழமை இல்லாமல் போகுமா?

இதைக் கேட்பதற்கு என் வீட்டிலும் ஒரு காரணம் இருக்கிறது. பள்ளிகொண்டாவுக்கு அருகே என் பெரியப்பாவின் தென்னந்தோப்பில் ஒரு பகுதியை நெடுஞ்சாலைக்காக எடுத்துக்கொண்டார்கள். இழப்பீடு போதவில்லை என்று நடுவரிடம் போனோம். அங்கும் பெரிதாகக் கிடைக்கவில்லை. அந்த நடுவர் தீர்ப்பை எதிர்த்து மாவட்ட நீதிமன்றத்தில் போட்ட மனு ஒரே ஒரு நாள் பிந்திவிட்டது என்றும், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றும், வழக்கை நடத்தும் அலுவலகத்தில் சொல்கிறார்கள். பெரியப்பா என்னிடம், "நீ படிக்கிற பிள்ளை, ஒரு நாளுக்கா நிலம் போகும்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நம் சட்டத்திலும் போல்ஸின் கதைதானா?

பதில் 1: பாலாற்றங்கரை வழக்கறிஞர்

அம்மா, பெரியப்பாவின் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்குச் சில விவரங்கள் வேண்டும். முதலில் போல்ஸ் தீர்ப்பு ஏன் அப்படி அமைந்தது என்பதைச் சொல்கிறேன். அது பிடிக்காவிட்டாலும் அதன் தர்க்கத்தைப் புரிந்துகொள்வது அவசியம்.

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் நேரடியாக உருவாக்கியது உச்ச நீதிமன்றம் ஒன்றைத்தான். அதற்குக் கீழே எந்த நீதிமன்றம் வேண்டும், அதற்கு எவ்வளவு அதிகாரம் என்பதை நாடாளுமன்றமான காங்கிரஸின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இன்றுள்ள வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 1891ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்தவை. ஆகவே அவற்றுக்குச் சொந்தமாக ஓர் அதிகாரமும் கிடையாது. சட்டம் அளந்து கொடுத்ததுதான் உண்டு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். ஒரு வழக்கைக் கீழ் நீதிமன்றங்கள் விசாரிக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கக் காங்கிரஸுக்கு உரிமை இருக்குமானால், எந்த நாள்வரை விசாரிக்கலாம் என்று தீர்மானிக்கவும் உரிமை உண்டு. 30 நாள், 14 நாள் என்ற இரண்டு எல்லையும் காங்கிரஸ் இயற்றிய சட்டப் பிரிவிலேயே இருப்பதால், அந்த நாள் கடந்ததும் வழக்கு மாவட்ட நீதிமன்றத்திலிருந்து மேலே ஏறுவதற்கான பாதை மூடிக்கொள்கிறது என்றார்.

இப்படி ஒரு கெடுவுக்கு அதிகார வரம்பு என்ற முத்திரை குத்தப்பட்டுவிட்டால் அதன் விளைவுகள் கடுமையானவை. எதிர்த்தரப்பு ஆட்சேபிக்காமல் இருந்தாலும் பயனில்லை. இரு தரப்பும் சம்மதித்தாலும் பயனில்லை. நீதிமன்றம் தானாகவே எழுப்பித் தள்ளுபடி செய்தாக வேண்டும். நியாயம், இரக்கம், தனிப்பட்ட சூழ்நிலை என்று எதையும் எடைபோட முடியாது. அதற்கு முன் 1960களில் அதே நீதிமன்றம், நீதிமன்றத்தின் உறுதியை நம்பி ஏமாந்தவருக்குத் தனித்த சூழ்நிலை என்ற பெயரில் ஒரு சலுகையைக் கொடுத்துவந்தது. போல்ஸ் தீர்ப்பு அந்த முன்தீர்ப்புகளையும் ரத்து செய்துவிட்டது. கடுமையாகத் தோன்றினால் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்திக்கொள்ளட்டும் என்பதே பெரும்பான்மையின் பதில்.

நீதிபதி டேவிட் சூட்டர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை நீங்கள் அவசியம் முழுமையாகப் படிக்க வேண்டும். மனிதர்களை நீதித்துறை இவ்விதம் நடத்துவது சகிக்க முடியாதது என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். என் மனம் அவர் பக்கம்தான். நீதிபதி எழுதிய தேதி சரியா என்று வழக்கறிஞர் சட்டப் புத்தகத்தை வைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும் என்பது வாதத்துக்கு அழகாக இருக்கலாம். ஆனால் ஆணை கையில் இருக்கும்போது எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள்? தேதி குறித்தவரே நீதிபதி. அந்தத் தேதிக்குள் வந்தவனை வாசலில் நிறுத்தி, உள்ளே விட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். அதிகார வரம்பு இல்லாத நீதிமன்றத்தின் தீர்ப்பு செல்லாது, கட்சிக்காரர்களின் சம்மதத்தால் அந்தக் குறையைச் சரிசெய்ய முடியாது என்பது 1954ஆம் ஆண்டு கிரண் சிங் வழக்கிலிருந்து நமக்கும் பாலபாடம். ஆனால் காலக்கெடுவை நாம் பொதுவாக அந்தப் பெட்டிக்குள் வைக்கவில்லை. கால வரையறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, எதிர்த்தரப்பு சொல்லாவிட்டாலும் கெடு கடந்த வழக்கை நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது. அதுவரை போல்ஸைப் போலவே இருக்கிறது. ஆயினும் கெடு கடந்ததைக் கவனிக்காமல் ஒரு நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிவிட்டால், அது தவறான தீர்ப்பாகுமே தவிர அதிகாரமற்ற தீர்ப்பாகாது என்று கேரளத்திலிருந்து சென்ற இட்டியவிரா மத்தாய் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வழக்கைச் சரியாகவோ தவறாகவோ முடிவுசெய்யும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்கு இருக்கிறது என்பதே அதன் பொருள்.

அதைவிட முக்கியமானது 5ஆம் பிரிவு. போதிய காரணம் காட்டினால் மேல்முறையீட்டின் தாமதத்தை மன்னிக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் அடியில் உள்ள விளக்கத்தைப் பலர் படிப்பதில்லை. உயர் நீதிமன்றத்தின் ஆணையோ நடைமுறையோ தீர்ப்போ ஒருவரைக் கால எல்லையைக் கணக்கிடுவதில் தவறாக வழிநடத்தியிருந்தால், அதுவே போதிய காரணமாகலாம் என்று அந்த விளக்கம் சொல்கிறது. சூட்டர் தம் மாறுபட்ட தீர்ப்பில் எதை வேண்டினாரோ, ஏறத்தாழ அது நம் சட்டப் புத்தகத்தில் அச்சாகியே இருக்கிறது. கீழ் நீதிமன்றத்தின் பிழையானாலும் போதிய காரணம் என்ற பொதுச் சொல்லுக்குள் கொண்டுவரத் தடை இல்லை.

ஜங் சிங் எதிர் பிரிஜ் லால் என்னும் வழக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்வாங்கல் உரிமை, அதாவது நிலம் விற்கப்படும்போது மற்றவருக்கு முன் அதை வாங்கும் உரிமை பற்றிய வழக்கு அது. 5,951 ரூபாயில் ஏற்கெனவே கட்டிய 1,000 ரூபாய் போக 4,951 ரூபாய் செலுத்த வேண்டியவருக்கு, நீதிமன்ற ஊழியர்களே 4,950 என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் அதை நம்பிக் கட்டினார். ஒரு ரூபாய் குறைவு என்பதற்காக அவருடைய உரிமையே போகும் நிலை வந்தது. நீதிமன்றத்தின் செயலால் வழக்காடுபவருக்குத் தீங்கு நேரக் கூடாது என்பதைவிட உயர்ந்த கோட்பாடு இல்லை என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் அவரைக் காப்பாற்றியது. போல்ஸ் அங்கே பிறந்தார். ஜங் சிங் இங்கே பிறந்தார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் அம்மா, உங்கள் பெரியப்பாவின் வழக்கு இந்தத் தாராளத்தின் நிழலில் வராது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி இழப்பீட்டைத் தீர்மானிக்க மத்திய அரசு நடுவரை நியமிக்கிறது. பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே அந்த நடுவர். அவர் தீர்ப்பை எதிர்ப்பது நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படிதான். அங்கே கெடு மூன்று மாதம். போதிய காரணம் இருந்தால் மேலும் 30 நாள். அதற்குப் பிறகு கூடாது என்று சட்டமே வாசலைச் சாத்திவிடுகிறது. அந்தச் சில சொற்களால் கால வரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு விலக்கப்பட்டுவிட்டது என்று 2001ஆம் ஆண்டு பாப்புலர் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, இந்த ஒரு பாதையில் நாமும் போல்ஸுக்கு மிக அருகில் நிற்கிறோம்.

எனவே எனக்கு மூன்று செய்திகள் வேண்டும். நடுவர் கையெழுத்திட்ட தீர்ப்பின் நகல் எந்தத் தேதியில், யார் கையில் கிடைத்தது? மனு எந்தத் தேதியில் தாக்கலானது? இடையில் வேறு ஏதேனும் நீதிமன்றத்தில் தவறுதலாக மனு போட்டு அலைந்தீர்களா? கடைசியாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றானபோது, எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்று தடுமாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வருவாய் மாவட்டம் பிரிந்த அன்றே நீதிமன்ற எல்லையும் பிரிந்துவிடுவதில்லை. அதற்குத் தனி அறிவிக்கை வேண்டும். நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் தவறான நீதிமன்றத்தில் செலவிட்ட நாட்களைக் கழித்துக்கொள்ள கால வரையறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் தருகிறது. அது 34ஆம் பிரிவு மனுவுக்கும் பொருந்தும் என்று 2008ஆம் ஆண்டு கன்சாலிடேட்டட் இன்ஜினியரிங் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது.

பதில் 2: ஆம்பூரான், சின்சினாட்டி

வணக்கம். ஊர் ஆம்பூர். இப்போது இருப்பது ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டியில். போல்ஸின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த ஆறாம் வட்ட நீதிமன்றம் இருக்கும் ஊர். சட்ட அலுவலகம் ஒன்றில் ஆவணப் பணி செய்வதால் இந்தக் கெடுக்களோடுதான் என் அன்றாடம் கழிகிறது. மாணவி படித்தது 2007ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது போலத் தெரிகிறது; அதன் பிறகு வந்த இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்காவிட்டால் படம் முழுமையாகாது.

முதலாவது, 2017 நவம்பரில் வந்த ஹேமர் வழக்கு. சிகாகோவில் வயதைக் காரணம் காட்டித் தம்மிடம் பாகுபாடு காட்டினார்கள் என்று வேலை கொடுத்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்த பெண்மணி அவர். மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய வழக்கறிஞர் விலகிக்கொள்ளவிருந்ததால் மேல்முறையீட்டுக்கு அவகாசம் கேட்டார்கள். நீதிபதி இரண்டு மாதம் கொடுத்தார். நீதிமன்ற நடைமுறை விதியோ 30 நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்கிறது. எதிர்த்தரப்பு ஒன்றும் சொல்லவில்லை. ஏழாம் வட்ட நீதிமன்றம் தானாகவே கேள்வி எழுப்பி, தனக்கு அதிகாரம் இல்லை என்று தள்ளுபடி செய்தது. பார்வைக்குப் போல்ஸின் அச்சு அசல்தான். ஆனால் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது.

வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். போல்ஸின் 14 நாள், காங்கிரஸ் இயற்றிய சட்டத்தில் இருக்கிறது. ஹேமரின் 30 நாளோ, நீதிமன்றம் வகுத்த விதியில் மட்டும் இருக்கிறது. இவ்வகை நீட்டிப்புக்குச் சட்டம் உச்ச அளவு எதையும் வைக்கவில்லை. ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொரு நீதிமன்றத்துக்கு வழக்கை மாற்றும் கால எல்லை சட்டத்தில் இருந்தால் அது அதிகார வரம்பு. விதியில் மட்டும் இருந்தால் அது வழக்கை ஒழுங்காக நடத்துவதற்கான கட்டுப்பாடு மட்டுமே என்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதினார். அத்தகைய கட்டுப்பாட்டை எதிர்த்தரப்பு உரிய நேரத்தில் எழுப்பாவிட்டால் அந்த ஆட்சேபத்தை இழந்துவிடவும் கூடும். தம் அதிகாரத்தைத் தாமே கூட்டவோ குறைக்கவோ நீதிமன்றங்களால் முடியாது என்பதால், தாம் எழுதிய விதியைக் கொண்டு தம் கதவைத் தாமே அடைத்துக்கொள்ளவும் முடியாது என்ற கருத்து அதன் அடியில் ஓடுகிறது. போல்ஸில் மாறுபட்டவர்களில் கின்ஸ்பர்க்கும் ஒருவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால், அந்தத் தீர்ப்பைத் தொடாமலேயே அதன் வேலியை எவ்வளவு கவனமாகக் குறுக்கினார் என்பது விளங்கும்.

இரண்டாவது 2025 ஜூன் மாதத்துப் பாரிஷ் வழக்கு; இது போல்ஸ் கேட்ட அதே 14 நாள் பிரிவைப் பற்றியது. சிறையில் 23 மாதம் தனிமைப்படுத்தி வைத்திருந்தார்கள் என்று வழக்குப் போட்ட பாரிஷ் என்பவரின் மனு தள்ளுபடியான செய்தி, அவர் வேறு சிறைக்கு மாற்றப்பட்டிருந்ததால் மூன்று மாதம் கழித்துத்தான் அவருக்குக் கிடைத்தது. கிடைத்த கையோடு மேல்முறையீட்டு அறிவிப்பை எழுதி அனுப்பிவிட்டார். பிறகுதான் நீதிமன்றம் காலத்தை 14 நாளுக்குத் திறந்துவிட்டது. அந்த 14 நாளுக்குள் இரண்டாவது முறையாக அவர் அறிவிப்பு அனுப்பவில்லை என்று சொல்லி, நான்காம் வட்ட நீதிமன்றம் அதிகார வரம்பு இல்லை என்றது. அரசுத் தரப்பே பாரிஷ் சொல்வதுதான் சரி என்று ஒப்புக்கொண்டும் பயன் இல்லை; அதிகார வரம்பு அல்லவா, ஒப்புதலுக்கு அங்கே மதிப்பில்லை. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. முன்கூட்டியே வந்த அறிவிப்பு, காலம் திறக்கப்பட்டதும் தானாகவே செல்லுபடியாகும். மறுபடி ஒரு தாள் கேட்பதில் பொருளில்லை என்பது நீதிபதி சோனியா சொட்டோமயோர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம்.

போல்ஸ் இன்றும் நிலைத்திருக்கிறது என்பதே உண்மை. எங்கள் அலுவலகத்தில் நீதிபதி தேதி குறித்துக் கொடுத்தாலும் நாங்கள் அதைச் சட்டப் பிரிவோடு வைத்து மறுபடி எண்ணுகிறோம். போல்ஸுக்குப் பிறகு அப்படி எண்ணாமல் இருக்க யாருக்கும் துணிவு வராது.

பதில் 3: வாணியம்பாடி வாசகி

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் கடுமையான கெடுவின் பக்கம் நின்று பேச ஒருவராவது வேண்டும் என்று தோன்றுகிறது.

என் தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சாலை விபத்தில் அவர் இறந்த பிறகு தீர்ப்பாயம் எங்களுக்கு இழப்பீடு கொடுத்தது. மோட்டார் வாகனச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாள் உண்டு. அந்த 90 நாளையும் நாங்கள் காலண்டரில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தோம். முடிந்ததும் என் தாயார், இனி யாராலும் தொட முடியாது என்று நினைத்து, தம்பியின் படிப்புக்கு அந்தப் பணத்தைக் கணக்குப் போட்டுவிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு எதிர்த்தரப்பிலிருந்து தாமதத்தை மன்னிக்கும் மனுவோடு மேல்முறையீட்டு அறிவிப்பு வந்தது. கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகத் தாமதமாகிவிட்டது என்பதுதான் அவர்கள் காட்டிய காரணம். தாமதம் மன்னிக்கப்பட்டது. தம்பி ஓராண்டு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனான்.

நீங்கள் சொல்லும் தாராளம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதையும் பாருங்கள். பெரியப்பாவைப் போன்றவர்கள் ஒரு நாள் பிந்துகிறார்கள். பெரிய அமைப்புகள் நூற்றுக்கணக்கான நாள் பிந்துகின்றன. 427 நாள் தாமதத்தோடு வந்த அஞ்சல் துறையை 2012ஆம் ஆண்டு லிவிங் மீடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியதை ஒரு பத்திரிகையில் படித்தபோது, எங்கள் வழக்குக்கும் இப்படி ஒருவர் இருந்திருக்கக் கூடாதா என்று எண்ணினேன். போல்ஸுக்கு நேர்ந்தது அநியாயம்தான். நீதிபதியின் பிழையை அவர் தலையில் கட்டியிருக்கக் கூடாது. ஆனால் முடிந்தது என்று நம்பி உறங்கப் போனவர்களுக்கும் ஒரு நீதி உண்டு அல்லவா?

பதில் 4: சத்துவாச்சாரி மாணவி

மூவருக்கும் நன்றி. வாணியம்பாடி அக்கா எழுதியதைப் படித்தபின், கெடுவை நான் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது.

ஐயா கேட்ட விவரங்கள் இவை. நடுவர் கையெழுத்திட்ட நகல் பதிவு அஞ்சலில் வந்தது. 2024 ஜூன் 18ஆம் தேதி பெரியப்பாவே கையெழுத்திட்டு வாங்கியிருக்கிறார். வேறு எந்த நீதிமன்றத்திலும் மனு போடவில்லை. ஜூலை கடைசியில் அவருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது; அதற்குப் பிறகு சில வாரங்கள் அவர் வெளியே போகவே இல்லை. மருத்துவச் சான்று இருக்கிறது. மனு அக்டோபர் 17ஆம் தேதி தாக்கலானது. ஜூன் 18இலிருந்து எண்ணினால் 121ஆம் நாள். 90 நாளும் 30 நாளும் சேர்ந்து 120 நாள்தானே. அதனால் ஒரு நாள் பிந்திவிட்டது என்கிறார்கள். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவிலும் 31 நாள் தாமதம் என்று எழுதியிருக்கிறார்கள். எதிர்த்தரப்பு அந்த வரியையே எடுத்துக்காட்டி, 30 நாளுக்கு மேல் மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று எதிருரை போட்டிருக்கிறது. இரண்டு வாரத்தில் வாய்தா.

பதில் 5: பாலாற்றங்கரை வழக்கறிஞர்

அம்மா, உங்கள் பெரியப்பாவின் மனு பிந்தவில்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். அவரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.

சட்டத்தில் 90 நாள் என்ற சொல்லே கிடையாது; மூன்று மாதம் என்றுதான் இருக்கிறது. மாதம் என்றால் காலண்டர் மாதம். மூன்று மாதத்தை 90 நாள் என்று எண்ணுவது தவறு என்று 2010ஆம் ஆண்டு ஹிமாசல் டெக்னோ இன்ஜினியர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கமாகவே சொல்லியிருக்கிறது. நகல் கிடைத்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆகவே ஜூன் 18இல் கிடைத்த நகலுக்கு மூன்று மாதம் செப்டம்பர் 18இல் முடிகிறது. ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் 31 நாள் என்பதால் இந்த மூன்று மாதம் 92 நாள் ஆகிறது. அடுத்த 30 நாள் செப்டம்பர் 19இல் தொடங்கி அக்டோபர் 18இல் முடிகிறது. அது வெள்ளிக்கிழமை. நீங்கள் தாக்கல் செய்தது அதற்கு முந்தைய நாள், வியாழக்கிழமை. மொத்த எல்லை 122 நாள். நீங்கள் 121ஆம் நாளில் நிற்கிறீர்கள். உண்மையான தாமதம் 29 நாள்.

போல்ஸ் இழந்ததும் இரண்டு நாள். உங்கள் கணக்கில் தொலைந்திருந்ததும் இரண்டு நாள். அவருக்கு நீதிபதியின் எண்ணிக்கை சட்டத்தைவிட நீண்டிருந்தது. உங்களுக்கு அலுவலகத்தின் எண்ணிக்கை சட்டத்தைவிடக் குறுகியிருக்கிறது.

மன்னிப்பு மனுவில் 31 நாள் என்று எழுதியது உங்களைக் கட்டுப்படுத்தாது. கட்சிக்காரரின் சம்மதம் நீதிமன்றத்துக்கு இல்லாத அதிகாரத்தைக் கொடுக்க முடியாது என்று முன்பு எழுதினேன் அல்லவா. கட்சிக்காரரின் தவறான கணக்கு, இருக்கும் அதிகாரத்தைப் பறிக்கவும் முடியாது. கெடு எந்த நாளில் முடிகிறது என்பது சட்டக் கேள்வி. அதில் ஒப்புதல் என்று ஒன்று இல்லை. ஆனாலும் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். வாய்தாவுக்கு முன்பே திருத்த மனு ஒன்றைப் போட்டு, 31 என்ற எண்ணை 29 என்று மாற்றச் சொல்லுங்கள். கூடவே ஜூன் 18, செப்டம்பர் 18, அக்டோபர் 17, அக்டோபர் 18 என்று நான்கு தேதிகளையும் ஒரு குறிப்பாக எழுதி, ஹிமாசல் டெக்னோ தீர்ப்பின் நகலை இணைத்துக் கொடுங்கள். அஞ்சல் உறையையும் ஒப்புகை அட்டையின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். ஜூன் 18 என்பதற்கு அதுதான் சான்று.

ஒன்றை மட்டும் எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அக்டோபர் 18 வரை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால் மன்னித்தே தீர வேண்டும் என்று ஆகிவிடாது. அந்த 29 நாளுக்கும் போதிய காரணம் காட்ட வேண்டும். வாணியம்பாடி அம்மா எழுதிய துயரம் இந்த இடத்தில்தான் பொருந்துகிறது. அங்கே கோப்பு மேசை மாறியதே காரணமாகிவிட்டது. நீங்கள் அப்படி மேலோட்டமாக எழுதக் கூடாது. அறுவை சிகிச்சை நடந்தது ஜூலை இறுதியில். மூன்று மாதம் முடிந்தது செப்டம்பர் 18இல். எந்தத் தேதி வரை மருத்துவர் ஓய்வு சொன்னார், எந்தத் தேதியில் பெரியப்பா முதன்முதலில் வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தார், ஆவணங்களைத் திரட்ட எத்தனை நாள் ஆயிற்று என்பதை வாரம் வாரமாக உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதுங்கள். ஓய்வு முடிந்த பிறகும் நாட்கள் வீணாகியிருந்தால் அதையும் உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

மருத்துவச் சான்றில் தேதிகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து நாளை இங்கே எழுதுங்கள். உறுதிமொழிப் பத்திரத்தின் வரைவை அதை வைத்துத்தான் தொடங்க வேண்டும்.